பல்லவிக்குச் சொந்தக்காரர்

மனிதர்களில் பாட்டுக்குச் சொந்தக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பாடகர் என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். பாடகருக்குக் குரல் வேண்டும், சுருதி வேண்டும், தாளம் வேண்டும், குறைந்தபட்சம் கேட்பவர்கள் மேல் கொஞ்சம் இரக்கமாவது வேண்டும். பாட்டுக்குச் சொந்தக்காரருக்கு இதெல்லாம் எதற்கு? அவரிடம் ஒரே ஒரு பாட்டு இருக்கிறது, அது அவருடையது. எழுதியவர் அவரா? இல்லை. மெட்டுப் போட்டவரா? அதுவும் இல்லை. அந்தப் பாட்டில் வருகிற மாதிரி ஏதாவது அவருக்கு நடந்ததா? கேட்காதீர்கள், பாவம். ஆனாலும் அவர் இருக்கும் அறையில் வேறொருவன் அதை முணுமுணுத்துவிட்டால் போதும், தன் வயலில் அடுத்தவன் மாடு இறங்கியதுபோல நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

இந்த இனம் இல்லாத ஊர் இல்லை. என்றாலும் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் பால்டர்னியில் இதற்கு மரியாதை அதிகம், காரணம் எங்கள் ஊர் வழக்கம். சனிக்கிழமை சாயந்திரமானால் முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில் ஆளுக்கொரு கிளாஸோடு உட்கார்வோம். தலைவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஒவ்வொருவராக எழுந்து பாட வேண்டும். அவரவர் பாட்டை அவரவர்தான் பாடலாம். மீன்கடைக்காரருக்குக் கடலில் முழுகிப்போன காதலன் பாட்டு. பாதிரியார் மனைவிக்கு வழிதவறிய ஆட்டுக்குட்டிப் பாட்டு. ரொட்டிக்கடைக்காரருக்குத் திருட்டுத்தனமாக விஸ்கி காய்ச்சியவன் பாட்டு. அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து அவர் தேறி வருகிற வரைக்கும் அந்தப் பாட்டு ஊரில் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. சொந்தக்காரர் செத்துப்போனால்? பெண்டாட்டியிடமோ பிள்ளையிடமோ போய்க் கேட்க வேண்டும். அவர்கள் கொடுத்தால் உண்டு.

அடுத்தவர் பாட்டை யாராவது பாடிவிட்டால் என்ன செய்வோம் என்று கேட்கிறீர்களா? அடிக்கமாட்டோம், திட்டமாட்டோம், நாங்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். வழக்கமாகக் கூடமே சேர்ந்து பாடுகிற பல்லவி வரும்போது வாயைத் திறக்கமாட்டோம், அவ்வளவுதான். கூடம் நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, அத்தனை பேரும் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருக்க, பல்லவியைத் தன்னந்தனியாகப் பாடி முடித்துவிட்டு உட்கார்ந்தவன் மறு சனிக்கிழமை தலைகாட்டியதாகச் சரித்திரம் இல்லை. இதற்கு ஒரே ஒரு விலக்கு. சொந்தக்காரரே பல்லவியில் சேர்ந்து பாடிவிட்டால், மனசார அந்தப் பாட்டைக் கொடுத்துவிட்டார் என்று பொருள். அப்புறம் அது பாடுகிறவருடைய பாட்டு. கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற பேச்சே கிடையாது.

மர்டோ கெடஸைப் பற்றிச் சொல்வதற்கு இவ்வளவு பீடிகை தேவைப்பட்டது.

கடைத்தெருவில் பூட்ஸ் கடை வைத்திருக்கும் மர்டோவின் பாட்டு, பட்டாளத்துச் சிரிப்புப் பாட்டு. இந்த நாட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு இல்லை. போய்த் திரும்பியவர்கள் அதைப் பற்றி உட்கார்ந்து அழுத வீடும் இல்லை. அழ வேண்டியதை எல்லாம் சிரிப்புப் பாட்டாகக் கட்டிவைத்துவிட்டார்கள். சார்ஜென்ட்டின் மீசையைப் பற்றி, கஞ்சியில் மிதந்ததைப் பற்றி, மழையில் நின்றதைப் பற்றி என்று அந்த மாதிரிப் பாட்டுகள் வண்டி வண்டியாக உண்டு. மர்டோவுடையது ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பிப்போய், போர் முடிகிற மட்டும் சமையற்கட்டில் கிழங்கு சீவியவனுடைய பாட்டு.

"குடுத்த கில்ட்டுக்குள்ள ரெண்டு பேரு குடித்தனமே பண்ணலாம்,
குளிர்காத்து உள்ள வந்து குசலம் கேட்டுப் போகலாம்"

என்று ஆரம்பிக்கும். கில்ட் என்பது எங்கள் நாட்டு ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம்போட்ட பாவாடை, பட்டாளத்திலும் அதுதான் உடுப்பு. பிறகு பல்லவி:

"சீவினேனே சீவினேனே உருளைக்கிழங்கு சீவினேனே,
ராஜாவோட பட்டாளத்துல பெருமையோட நின்னேனே!"

இவ்வளவு உருக்கமாகப் பாடுகிற மர்டோ பட்டாளத்தில் எத்தனை காலம் இருந்தார்? ஒரு காலைப்பொழுது. கட்டாய ராணுவ சேவை இருந்த நாளில் கூப்பிட்டு அனுப்பினார்கள், போனார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். டாக்டர் அவருடைய பாதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தட்டைப் பாதம், நீ வீட்டுக்குப் போகலாம் என்றார், போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா வீட்டில் இருந்தார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தவரை நான் பார்த்ததில்லை. அப்படியானால் படைவீரர் சங்கத்தில் எப்படி உறுப்பினர் என்றால், அவருடைய மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். மாமனாரின் வீரத்துக்கு மருமகன் துணை உறுப்பினர்.

அந்தப் பாட்டு உண்மையில் ஆலெக் லாமண்ட் என்ற கல்தச்சருடையது. ஆலெக் போருக்குப் போனவர். பாலைவனத்திலும் இருந்தார், இத்தாலி மலைகளிலும் இருந்தார், திரும்பி வந்து அதைப் பற்றிப் பேசினதில்லை. சனிக்கிழமைகளில் உட்கார்ந்த இடத்திலிருந்தே, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடிவிட்டு மீதியைக் குடிப்பார். அவர் செத்து, அடக்கம் முடிந்து, எல்லாரும் ஓட்டலில் சாவுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மர்டோ ஒரு கையில் பாதி கடித்த சாசேஜ் ரோலோடு ஆலெக்கின் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் இருந்த இருப்பில் வீட்டுச் சாவியைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். பாட்டைக் கேட்டார், சரிப்பா என்றாள். ஒரே மகள் ரோனா, தானும் பட்டாளத்தில் சமையல் பிரிவில் சேர்ந்து, அப்போது ஜெர்மனியில் இருந்தாள். அவள் விடுப்பு வாங்கி வந்து சேர்ந்தபோது அப்பாவையும் புதைத்தாயிற்று, பாட்டையும் கொடுத்தாயிற்று.

கையில் வந்த பாட்டை மர்டோ சும்மா பாடவில்லை. அதற்கு உரை எழுதினார். தலைவர் பெயரைக் கூப்பிட்டதும் உடனே எழமாட்டார். வேண்டாமே, எப்பவும் அதேதானா என்று இரண்டு முறை கையை ஆட்டிவிட்டு, மூன்றாம் முறை கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் சட்டென்று எழுந்துவிடுவார். கழுத்துப்பட்டியைத் தளர்த்துவார். "பட்டாளத்துல இருந்தவனுக்குத்தான் இது புரியும்" என்று ஆரம்பிப்பார். யாரிடம்? பர்மாவில் காலை விட்டுவிட்டு வந்தவரிடம், கொரியாவில் மூக்கு உறைந்துபோய் வந்தவரிடம். அவர்களும் புரிந்துகொள்ள முயற்சி செய்வார்கள். ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் ஒரு விளக்கம்: கில்ட் எப்படிக் கொடுப்பார்கள், பூட்ஸ் எப்படிக் கடிக்கும், சார்ஜென்ட் என்பவர் எப்படிப்பட்ட பிறவி. சிரிப்பு வருகிற இடம் வருவதற்கு முன்பே, இப்ப வருது பாருங்க என்று விரலைத் தூக்குவார். வந்துவிட்ட பிறகு, வந்துச்சா என்று கேட்பார்.

யாராவது பல்லவியில் ஒரு சொல்லை மாற்றிப் பாடினால் அவ்வளவுதான், பாட்டு நின்றுவிடும். பாட்டை நிறுத்தி, அந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திருத்தி, எல்லாரையும் மறுபடி பாடவைத்து, பிறகுதான் அடுத்த சரணம். இத்தனைக்கும் ஆலெக் பாடியது "பெருமையோட நின்னேனே" அல்ல, "பசியோட நின்னேனே." மர்டோதான் மாற்றினார். பட்டாளம் என்றால் பெருமைதானே வர வேண்டும், பசி எதற்கு என்பது அவர் வாதம். ஊரும் பழகிவிட்டது. பெருமை மலிவாகக் கிடைக்கும்போது பசியை யார் கேட்பார்கள்?

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் மர்டோவிடமிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பாருங்கள். பூட்ஸ் மிஞ்சும். வாரம் பூராவும் அடுத்தவர் காலடியில் மண்டியிட்டு அளவெடுக்கிற மனிதருக்கு, சனிக்கிழமை அந்த நாலைந்து நிமிடம்தான் தலை நிமிர்கிற நேரம். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் லாமண்ட் வீட்டு மகள் திரும்பி வந்துவிட்டாள் என்று மனைவி மொய்ரா வந்து சொன்னபோது, அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பென்ஷன் வாங்கிட்டு வந்துட்டாளாம். சார்ஜென்ட்டாம்" என்றாள் மொய்ரா, தட்டில் மாட்டிறைச்சியும் மசித்த கிழங்கும் வைத்தபடி.

"பாடுவாளா?"

"ரொட்டிக்கடைக்கு வந்தா, ரொட்டி வாங்கினா, போனா. கடையில நின்னு பாடுவாங்களா என்ன?"

அன்றே மர்டோ சங்கத் தலைவர் கில்லெஸ்பியின் வீட்டுக் கதவைத் தட்டினார். கில்லெஸ்பி ஓய்வுபெற்ற தபால் நிலைய அதிகாரி. எந்தக் கேள்விக்கும் விதியைத்தான் பதிலாகச் சொல்வார். அப்பாவுடைய பாட்டு என்று மகள் உரிமை கொண்டாட முடியுமா என்று மர்டோ சுற்றி வளைத்துக் கேட்டார். அம்மா கொடுத்துவிட்டதை மகள் கேட்க முடியாது, நீயாகப் பல்லவியில் சேர்ந்து கொடுத்தால்தான் உண்டு, அதற்கு நீ என்ன கிறுக்கனா என்று கில்லெஸ்பி கதவைச் சாத்தினார். மர்டோ மனம் குளிர்ந்து வீடு வந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா?

அந்த வாரமே ரோனா கடைக்கு வந்தாள். நாற்பது கடந்தவள், அகன்ற தோள், அடுப்புச் சூடு பட்டுப் பழகிய கைகள். தோட்ட வேலைக்கு ரப்பர் பூட்ஸ் கேட்டாள். மர்டோ எடுத்துக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அந்த இனத்துக்கு அது சாத்தியமா?

"இது மிருதுவா இருக்கும். பட்டாளத்து பூட்ஸ் மாதிரி கடிக்காது" என்றார். "பட்டாளத்து பூட்ஸைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும், அதை முதல்ல தண்ணியில ஊறவச்சு..."

"இருபது வருஷத்துக்கு மேல போட்டேன்."

"போடறது வேறம்மா, தெரிஞ்சுக்கறது வேற."

ரோனா ஒரு காலை பூட்ஸுக்குள் நுழைத்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மொத்தப் படைப்பிரிவுக்கும் சோறு போட்டவள். முகத்தைப் பார்த்தே இவன் இரண்டாம் முறை வரிசையில் நிற்கிறவன் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவள்.

"அப்பா பாட்டை நீங்கதான் பாடறீங்களாமே."

"என் பாட்டு" என்றார் மர்டோ.

"சரி" என்று அவள் மற்றக் காலையும் நுழைத்தாள்.

அந்தச் 'சரி' மர்டோவை மூன்று ராத்திரி தூங்கவிடவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லலாம், அழுதிருந்தால் ஆறுதல் சொல்லலாம், வெறும் சரிக்கு என்ன செய்வது?

நவம்பர் விருந்து வந்தது. போரில் செத்தவர்களை நினைத்துக் காலையில் கல்தூணுக்கு மாலை வைத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக் குடித்துப் பாடுவது அன்றைய முறை. வருடத்திலேயே பெரிய கூட்டம். மர்டோ புதுக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, மொய்ராவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மீன்கடைக்காரரின் காதலன் வழக்கம்போல முழுகினான். ஆட்டுக்குட்டி வழக்கம்போல வீடு திரும்பியது. பிறகு கில்லெஸ்பி, நம்மிடையே பட்டாளத்திலிருந்து புதிதாகத் திரும்பி வந்திருப்பவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று ரோனாவைக் கூப்பிட்டார்.

"எனக்கு ஒரு பாட்டுதான் தெரியும்" என்றாள் ரோனா.

கில்லெஸ்பிக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊரிலேயே பிறந்தவள், வழக்கம் தெரியாதவள் அல்ல. அவளைப் பார்த்தார், மர்டோவைப் பார்த்தார், விதியைத் தேடி மோட்டுவளையைப் பார்த்தார். பாடக்கூடாது என்று எழுதிவைத்த விதி இல்லை. பாடினால் பல்லவியில் சேரக்கூடாது என்றுதான் வழக்கம். சரி, பாடும்மா என்றார்.

அவள் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்கினாள். குடுத்த கில்ட்டுக்குள்ள ரெண்டு பேரு குடித்தனமே பண்ணலாம். விளக்கம் இல்லை, விரலைத் தூக்குவது இல்லை. பின்வரிசையில் யாரோ பொத்துக்கொண்டு சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். பல்லவி வந்தது. கூடம் கப்சிப். அத்தனை பேரும் கிளாஸுக்குள் எதையோ தேடினார்கள். அந்த மௌனத்தில் ரோனா தனியாகப் பாடினாள்:

"சீவினேனே சீவினேனே உருளைக்கிழங்கு சீவினேனே,
ராஜாவோட பட்டாளத்துல பசியோட நின்னேனே!"

மர்டோவின் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. பாட்டைத் திருடுகிறாளே என்ற ஆத்திரமா? அது இருந்தது, ஆனால் அது அடியில் கிடந்தது. மேலே மிதந்தது வேறு: தப்பாகப் பாடுகிறாள். பசியாமே, பசி! மொய்ரா அவர் முழங்காலில் கையை வைத்து, சும்மா இரு என்றாள்.

இரண்டாம் சரணம், பூட்ஸ்.

"இடது காலுக்கு ஒரு அளவு, வலது காலுக்கு ஒரு அளவு,
நடக்கச் சொன்னா நான் ஒரு பக்கம், பூட்ஸு ஒரு பக்கம்"

இத்தனை வருடம் பாடிய மர்டோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆலெக் போன பிறகு அந்தப் பாட்டை அவர் பாடியிருக்கிறாரே ஒழிய கேட்டதில்லை. கன்னத்தைக் கடித்து அடக்கினார். பல்லவி வந்தது, மறுபடி பசி. அவர் உதடு 'பெ' என்று குவிந்தது. மொய்ராவின் நகம் முழங்காலில் இறங்கியது.

மூன்றாம் சரணத்தில் சார்ஜென்ட் கேட்கிறார், எதிரி வந்தால் என்னடா செய்வாய் என்று. கிழங்கு சீவும் கத்தி இருக்கிறது, தோலை உரித்து அனுப்புகிறேன் என்கிறான் பையன். கூடத்தில் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின. ஊர் மானத்தைக் காப்பாற்ற இவ்வளவு பேர் இவ்வளவு கஷ்டப்பட்டுச் சிரிக்காமல் இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ரோனா பல்லவிக்கு வந்தாள். 'ராஜாவோட பட்டாளத்துல' என்று இழுத்து, அங்கே ஒரு மூச்சு விட்டு, முன்வரிசையைப் பார்த்து, "பசியோட..." என்றாள்.

"பெருமையோட நின்னேனே!" என்று முழங்கினார் மர்டோ.

ராகத்தோடு, தாளத்தோடு, நெஞ்சு நிறைய. திருத்தத்தான் வாயைத் திறந்தார். ஆனால் சத்தியமாகச் சொல்லுங்கள், பல்லவியில் சொந்தக்காரர் சேர்ந்தாரா இல்லையா? நுணலும் தன் வாயால் கெடும். கில்லெஸ்பி மேசையைத் தட்டி, "மர்டோ சேர்ந்துட்டான்" என்று அறிவித்தார். அவ்வளவுதான், அணை உடைந்தது. மூன்று பல்லவியாக அடக்கிவைத்திருந்த அத்தனை தொண்டையும் ஒன்றாகத் திறந்துகொண்டது. மேசையைத் தட்டினார்கள், தரையை மிதித்தார்கள், பர்மாக்காரர் கைத்தடியால் தாளம் போட்டார். அத்தனை பேரும் பசியோடுதான் நின்றார்கள்.

மர்டோ வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். மொய்ரா முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இனி பிடித்து என்ன பயன்?

வழக்கமாகப் பாட்டு அங்கே முடியும். மர்டோ மூன்று சரணத்தோடு முடித்துவிடுவார், எங்களுக்கும் அவ்வளவுதான் பாட்டு என்று ஆகிவிட்டது. ரோனா கையைத் தூக்கிக் கூட்டத்தை அமர்த்திவிட்டு இன்னொரு சரணம் பாடினாள். அதே மெட்டு, அதே துள்ளல்.

"மலைமேல போன பையன் ஒருத்தன்கூடத் திரும்பல,
மலைமலையாச் சீவி வச்சேன், தின்ன ஆளு வரல"

யாரும் சிரிக்கவில்லை. மேசை தட்டிய கைகள் மேசைமேலேயே கிடந்தன. ஆலெக் இதைப் பாடியதுண்டு என்பது வயதானவர்களுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பர்மாக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாக, கூடம் முழுவதும் சேர்ந்து பல்லவியைப் பாடியது.

மர்டோ மட்டும் மொய்ராவின் பக்கம் சாய்ந்து, "இந்தச் சரணம் எனக்கும் தெரியும். சிரிப்பு வரல, அதனால எடுத்துட்டேன்" என்றார்.

விருந்து கலையும்போது மர்டோவிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி நாலு பேர் வந்தார்கள். அவர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். நன்றாகத்தான் பாடினாள், ஆனால் பட்டாள அனுபவம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அதைத்தான் சொன்னார். ரோனாவிடம் யாரோ, மர்டோ வாயைத் திறக்காமலே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார்கள்.

"இத்தனை வருஷம் சமையற்கட்டுல நின்னவ நான்" என்றாள். "உப்பு கம்மின்னா எவன் முதல்ல வாயைத் திறப்பான்னு எனக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமைக்குள் மர்டோ கதையைச் சரிசெய்துவிட்டார். கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம், நான்தான் அந்தப் பெண்ணுக்குப் பாட்டைக் கொடுத்தேன், ஆலெக்கின் மகளாயிற்றே, மனசு கேட்கவில்லை என்றார். யாராலும் மறுக்க முடியவில்லை, வழக்கப்படி அது உண்மை. வெள்ளிக்கிழமை வாக்கில், அவளுக்குப் பல்லவியை எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததாகவும் ஆகிவிட்டது. பகலில் இப்படி. வீட்டில் அவர் சாப்பாட்டு மேசையில் விரலால் அந்தத் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடுகிறார் என்று மொய்ரா சொன்னாள். அதைக் கேட்டபோது, உள்ளதைச் சொல்கிறேன், எங்களுக்கே மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. பால்டர்னியில் பாட்டில்லாத மனிதன் சனிக்கிழமை எங்கே போவான்?

மர்டோ சங்கத்துக்குத்தான் வந்தார். கில்லெஸ்பி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மர்டோவின் முறை வந்ததும் ஒரு நொடி தயங்கி, அவரைத் தாண்டி ரோனாவின் பெயரைச் சொன்னார். எழுந்தது மர்டோ. கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "இவங்க பாடப்போற பாட்டு, பட்டாளத்துல இருந்தவனுக்குத்தான்..." என்று ஆரம்பித்து, கில்ட்டுக்குப் போய், பூட்ஸுக்கு வந்து, சார்ஜென்ட் என்பவர் எப்படிப்பட்ட பிறவி என்று விளக்கத் தொடங்கினார்.

"மர்டோ" என்றாள் ரோனா. குரலை உயர்த்தவில்லை. "உக்காருங்க."

மர்டோவின் வாழ்நாளில் ஒரு சார்ஜென்ட் அவருக்குப் போட்ட முதல் உத்தரவு அது. பேச்சை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

இவ்வளவு நேரம் மர்டோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்த உங்களிடம் ஒரு விஷயம். கல்யாண வீட்டிலோ நண்பர்கள் நடுவிலோ, யாரோ ஒருத்தர் தனக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, "நீ விடு, நான் சொல்றேன்" என்று கடைசியாக எப்போது குறுக்கே விழுந்தீர்கள்? அதெல்லாம் நானில்லை என்கிறீர்களா? இருக்கட்டும். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, அந்த இடத்தை இப்படிச் சொல்லியிருக்கக்கூடாது, நானாக இருந்தால் எவ்வளவோ நன்றாகச் சொல்லியிருப்பேன் என்று உங்கள் உதடு அசைந்ததை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அசையட்டும், தப்பில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.